கட்டில் கடைக்காரர்

கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் வாரமே கட்டில் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒல்லியானவர். எந்தக் கட்டிலைக் காட்டினாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்.

“ஐயா, இதைக் கழட்ட ஏலுமோ?” என்றேன்.

“இப்பதான வாங்க வந்திருக்கிய? அதுக்குள்ள ஏன் கழட்டணும்?”

“விசா ஆறு மாசத்துக்குத்தான். பிறகு நீட்டுவினமோ தெரியாது” என்றேன்.

அவர் ஸ்பேனரைத் தந்து, “நீங்களே கழட்டிப் பாருங்கம்மா” என்றார். கழற்றினேன். மறுபடி மாட்டச் சொன்னார். கடைசி போல்ட்டை முறுக்கும்போது விசா நினைவிலேயே இல்லை.

“ஸ்பேனர நீங்களே வச்சுக்கிடுங்க. கட்டில் ஆடிச்சுன்னா முறுக்கணும்லா” என்றார்.

கழற்றுவதற்கு என்று அவர் சொல்லவில்லை. தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.