கதவில் ஒட்டிய குழுவின் பெயர்

இன்டர்நெட் புதிதாக வந்த காலத்தில், ஒயின் பிரியர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அதன் பெயரிலேயே சென்னை உறுப்பினர்கள் கூடி ஒயின் ருசி பார்க்க ஆசைப்பட்டோம். வெளிநாட்டிலிருந்த குழுத் தலைவர், “பெயரைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினார்.

மயிலாப்பூரில் என் வாடகை மாடியின் கதவில் பெயரை எழுதி ஒட்டினேன். நண்பர்கள் வந்து முதல் பாட்டிலைத் திறந்ததும் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார மாமா! முட்டைகூடச் சமைக்கக் கூடாது என்று சொல்லி வீடு கொடுத்தவர். காலி செய்யச் சொல்வார் என்று பயந்தேன்.

“பயப்படாதேடா. அந்தக் குழுவுல ‘கிரேப் மாமா’ன்னு எழுதிண்டிருக்கறது நான்தான். ஆத்துல மாமிக்குத் தெரியாது” என்றார்.

கிரேப் மாமாவா! மாதக்கணக்கில் மின்னஞ்சலில் நான் சண்டை போட்ட ஆள்!

அன்று அதிகம் சிரித்தவர் அவர்தான். உலகத்தோடு பேசிக்கொண்டிருந்த நான், கீழ்வீட்டு மனிதரோடு அன்றுதான் மனம்விட்டுப் பேசினேன்.