எட்டு மணி நேர ஷிப்ட், எட்டுப் பாட்டு

மைக் செட் வைத்துப் பிழைக்கும் உங்களுக்குத் தெரியும், நம் தொழிலில் பாதி வேலை இரைச்சலை விரட்டுவதுதான். அன்று புதுவாயலில் என் கடையில் இருந்தவர்கள்: கும்மிடிப்பூண்டி கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டும் டில்லிபாபு, அவனோடு பாடும் பழவேற்காட்டு யூசுப், கம்ப்யூட்டருக்கு முன்னால் நான். மொத்தம் மூன்று பேர்.

டில்லி ஹிப்ஹாப் ஆல்பம் போட வந்திருந்தான். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், மணிக்கு ஒரு பாட்டு. தாளத்துக்கு டிரம்ஸ் கிடையாது, பிரஸ் மெஷின்தான். ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லோர் முன்னாலும் போட வேண்டுமாம். ஹிப்ஹாப் என்றால் என்னவென்று கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். "யாராச்சும் முழுசா கேட்டா சிடி போடலாம். ஒருத்தனும் உக்காரலேன்னா இத்தோட வுட்டுடறேன் நைனா" என்றான்.

சுத்தமான பாட்டு

மெஷின் சத்தத்தைச் சாப்பாட்டுப் பையில் டேப் ரெக்கார்டரை ஒளித்து வைத்துப் பிடித்து வந்திருந்தார்கள். ஒரே கடகடப்பு. கண் வலிக்க உட்கார்ந்து, துளி உறுமல்கூட இல்லாமல் வடிகட்டிப் பெருமையோடு போட்டுக் காட்டினேன். டில்லி ஸ்பீக்கரில் காதை வைத்துத் தேடினான்.

"இன்னா நைனா, கம்பெனியையே இழுத்து மூடிட்டியே!"

எக்கோ

மூன்றாவது பாட்டில் சூப்பர்வைசர் திட்டுவார். குரல் யூசுப்புடையது. திருவிழாப் பழக்கத்தில் என் கை தானாக எக்கோவைத் திருப்பிவிட்டது. "டார்கெட் எங்கடா" என்ற அதட்டல் வானத்திலிருந்து இறங்கியது. யூசுப் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இத்த கேட்டா அந்த ஆளுக்குக் கூழ் ஊத்திக் கும்புடுவாங்க, நைனா!"

பன்னிரண்டாவது அடி

தாளத்தை எண்ணினேன். பதினோரு அடி ஒழுங்காக விழுந்தது, பன்னிரண்டாவது தாமதம். அடுத்த சுற்றிலும் அப்படியே. பிசகு என்று முடிவு செய்து, இடைவெளியை எல்லாம் வெட்டி நேராக்கினேன். டில்லி சிரிக்கவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்தான்.

"சிக்கின பீஸைக் கைய வுட்டு எடுக்கற நேரம் அது. அந்த கேப்புலதான் நைனா என் வெரலு பத்தும் இருக்குது."

ஒவ்வொரு இடைவெளியையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

ஆயுத பூஜை

மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கொடுத்து முடிந்ததும் ஆல்பத்தைப் போட்டேன். நூற்றைம்பது நாற்காலியும் நிறைந்திருந்தன. முதல் பாட்டின் தொடக்கத்தில் ஷிப்ட் சைரன் ஊதியதும் பாதிப் பேர் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். வயதான ஃபிட்டர் ஒருவர் பொரிப் பொட்டலத்தோடு கத்தினார்: "டேய் டில்லி, லீவு நாள்லயும் ஷிப்ட் பாக்க வெக்கிறியேடா!" எழுந்தவர்கள் அப்படியே வீட்டுக்கு நடந்தார்கள். நான்காவது பாட்டில் இன்னொரு கூட்டம் கிளம்பியது. நான் தலைகுனிந்து ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது பாட்டு முடிந்ததும் டில்லி ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"ஏழு பேரு முழுசா கேட்டாங்க நைனா, சிடி போட்டுடலாம்!"

ஏழாவது ஆள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன வாட்ச்மேன் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. என் கணக்கில் மிச்சம் ஆறு.