லொறிக்கு அளவெடுத்த ராகினி

கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கன்னையாவின் டிங்கரிங் கராஜ் இருந்தது. அதன் ஓரத்திலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டு அவர் மனைவி ராகினி ஜாக்கெட் தைத்தாள். இந்தச் சுத்தியல் சத்தத்தில் எப்படித் தைக்கிறாய் என்று கேட்பவர்களிடம், தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று சிரிப்பாள்.

2003இல் இரத்தினபுரி மாணிக்க வியாபாரி மஷூர் ஒரு பழைய பெட்போர்ட் லொறியை இழுத்துக்கொண்டு வந்தார். ஐம்பதுகளில் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து ஏற்றியது. அடுத்த மாதம் கொழும்பில் பழைய வாகனங்களின் ஊர்வலம். அதில் இது ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. முன்சக்கரத்தை மூடும் வலது மட்காட் கல்லுப்போல் உறுதியாக இருந்தது. இடது மட்காட் துருவேறி அப்பளமாக நொறுங்கியது. அதற்குப் பதிலாகக் கொழும்புக் கடையொன்றில் புதிதாக அடித்த ஒன்றை அவர் வாங்கி வந்திருந்தார். அப்படியே பொருந்தும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம்.

பொருந்தவில்லை. போல்ட் துளைகள் இரண்டு விரல் தள்ளி நின்றன. ஹெட்லைட் ஓட்டை வானத்தைப் பார்த்தது. பொனட்டை இறக்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. தகடும் மெலிசு, கட்டைவிரலால் அமுக்கினாலே பள்ளம் விழுந்தது. மூன்று நாள் தட்டிப் பார்த்த கன்னையா, இதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்துவிட்டார்.

ராகினி மெஷினை விட்டு எழுந்து லொறியை இரண்டு முறை சுற்றி வந்தாள்.

"ஏங்க, வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு? அதுல அளவெடுத்துத் திருப்பிப் போட்டா இடது பக்கம் வந்துரும். ஜாக்கெட்டுக்குக் கை வெட்டுறது இப்பிடித்தான்."

பிரவுன் பேப்பரைத் துண்டு துண்டாக வலது மட்காட்டில் ஒட்டி, வளைவுகளில் மடிப்புப் பிடித்து, வெட்டி எடுத்தாள். அதைத் திருப்பிப் புதிய மட்காட்டின் மேல் விரித்ததும் குற்றம் பளிச்சென்று தெரிந்தது. தோள் வளைவில் ஒன்றரை அங்குலம் அதிகம். தையல் சோக்கால் அவள் கோடு போட்ட வேகத்தைப் பார்த்து, கன்னையா தகடு வெட்டும் கத்திரியை எடுத்தார். பழைய இடது மட்காட்டில் போல்ட் துளைகள் இருந்த விளிம்பு மட்டும் இன்னும் தடிப்பாக இருந்தது. அதை வெட்டிப் புதியதோடு பற்றவைக்கச் சொன்னதும் அவள்தான்.

அதிலிருந்து நாலாம் நாள் மட்காட்டைத் தூக்கி வைத்தார்கள். முதல் போல்ட் கையாலேயே இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. ஏழாவதும் இறங்கியபின் பொனட்டைத் தாழ்த்தினார் கன்னையா. டக்கென்று ஒரே சத்தம். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. அவள் தன்னை மறந்து கைதட்டினாள்.

மஷூர் வந்து இடைவெளி நெடுகிலும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஊர்வலத்துக்கு நீங்களும் முன் சீட்ல வரணும்."

கொழும்பில் மட்காட்டைத் தட்டிப் பார்த்து, இது எங்கே செய்தது என்று சிங்களத்தில் கேட்டவர்களிடம் அவர் ராகினியைக் காட்டினார். அன்றே இரண்டு லொறிக்காரர்கள் கராஜின் விலாசத்தை எழுதிக்கொண்டார்கள்.

2009க்குள் பதினொரு பழைய லொறிகள் அவள் கைபட்டு ஓடின. மட்காட் வாங்க இப்போது அவளே கொழும்புக்குப் போகிறாள். கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், கொண்டுபோன அளவுப் பேப்பரை அதன் மேல் விரித்து வைத்துப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறாள்.