அப்பாவின் கழுத்தில் அம்மை

என் அப்பா பிச்சைக்கனி ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியில் மூட்டை நிறுத்துப் போட்டவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்தவர். அதே மண்டியில் மல்லியும் மிளகாயும் புடைத்தவள் வடிவம்மாள், என் அம்மை. அவள் தூசி பறக்கச் சுளகில் போட்டுப் புடைப்பாள். இவர் தும்மிக்கொண்டே தராசைப் பார்ப்பார். அவர்களுடைய கல்யாண வாழ்க்கையில் முக்கால்வாசி அதுதான். இரண்டாயிரமாவது வருஷம் ஒரு விஷக்காய்ச்சல் அம்மையைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த வருஷம், மத்தியானம் பாயில் படுத்திருந்த அப்பா சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“மோளே, ஒங்கம்மை பொடைக்கா.”

“எங்க?”

“என் வலது காதுல. சொஸ்… சொஸ்…னு. அவ கையேதான். ஒனக்குக் கேக்கல்லியா?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாயத்துக் கட்டினேன், இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அவரோ படுத்தால் போதும், அந்தக் காதைத் தலையணையில் பதித்துக்கொண்டு சிரிப்பார். “இன்னைக்குக் கொழம்பு நல்லாருந்துது வடிவு” என்பார். அடுப்படியில் வெந்து செத்தவள் நான், பாராட்டு அவளுக்கு! எரிச்சலாக வரும். ஆனால் அவர் அந்தப் பக்கம் தலை சாய்த்ததும் நான் வெளியே போய்விடுவேன். அத்தனை பயம்.

இரண்டாயிரத்து மூன்றில் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து, யாருக்குப் பக்கவாதம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்வார்களாம். அப்பாவுக்குப் பிரஷரும் உண்டு, பீடியும் உண்டு. இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ராஜஸ்ரீ ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர். அப்பாவின் கழுத்தில் பசை தடவி, கையில் இருந்த கருவியை வைத்து நகர்த்தினார். வலது பக்கம் வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினார்.

சொஸ்… சொஸ்… சொஸ்…

அறை முழுக்கச் சுளகுச் சத்தம். ஐயோ, அம்மை கைதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“இப்பக் கேட்டுச்சா?” அப்பா அழுதுகொண்டே கத்தினார். “நான் கள்ளமா சொன்னேன்?”

“இது ரத்தம் ஓடற சத்தம்” என்றார் டாக்டர். “குழாய் அடைச்சு ரொம்பச் சுருங்கியிருக்கு. அந்தச் சந்துல ரத்தம் சீறிண்டு போறது. சீக்கிரமே ஆபரேஷன் பண்ணணும். அதுக்குள்ள சத்தம் தானா நின்னா சந்தோஷப்படாதேங்கோ, உடனே அழைச்சிண்டு வாங்கோ.”

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஆப்பரேசன் பண்ணுனா இந்தச் சத்தம் போயிருமா?”

“போயிடும்.”

“அப்போ வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து வாயில் வந்தபடி ஏசினேன். “செத்தவளுக்குத் தொணையாப் போறீங்களா? அப்போ எனக்கு ஆரு இருக்கா?” அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். அவர் என் தலையைத் தொட்டார். “ஆடி அமாவாசை வருதுல்லா? பலிச்சோறு போட்டு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருதேன். பொறவு கத்தி வைக்கட்டும்.” நானும் சரியென்றேன். அமாவாசைக்கு மறுவாரம் நாள் குறித்தார்கள். மாத்திரையை வேளை தவறாமல் நானே வாயில் போட்டேன்.

அமாவாசையன்று திருவல்லத்து ஆற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. அப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்து, எள்ளும் சோறும் உருட்டி இலையில் வைத்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. திடீரென்று நிமிர்ந்தார்.

“சத்தம் நின்னுட்டு மோளே. போயிட்டா. சரின்னு சொல்லிட்டுப் போயிட்டா.”

கன்னமெல்லாம் கண்ணீர், ஆனால் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பக்கத்திலிருந்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

“கை கொட்டணும், காக்க வரட்டே” என்று காகத்தைக் கூப்பிட ஈரக்கையைத் தட்டச் சொன்னார் பலி செய்துவைத்தவர்.

அப்பா வலது கையைத் தூக்கினார். ஈரக்கை காற்றில் வீசி வீசித் திரும்பியது. இடது கை மடியிலேயே கிடந்தது. சத்தமே இல்லை.

“அப்பா, கை கொட்டுங்க!”

“கொட்டுதேன்லா” என்றார், வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்க.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தோம். உயிர் தங்கியது. குழாய் முழுக்க அடைத்துவிட்டது, இனி அறுத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, அம்மை சரியென்று சொல்லிவிட்டுப் போனதில் அவர் மனம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்தவர் ஒருநாள் கேட்டார்.

“அடைச்சுக்கிட்டதுனாலதான் சத்தம் நின்னுதுன்னு டாக்டரம்மா சொன்னாவளா?”

“ஆமா.”

“அப்போ அவ போகல்ல.” வாசல் பக்கம் பார்த்தார். “வழி அடைஞ்சுபோச்சு. உள்ள வர முடியாம வெளிய நிக்கா மோளே.”

“சும்மா கிடங்க” என்று அதட்டினேன். பிறகு எழுந்துபோய், சாத்தியிருந்த வாசல் கதவைத் திறந்துவைத்தேன்.