வளையம் சரியாத்தான் இருக்கு

ஆர்லோ தோஸ்ட்ரூட் கெட்ட மனுஷர் இல்லை. முப்பது வருஷம் தானியக் கிடங்கில் எடை போட்டவர். ஒரு மூட்டையில்கூடப் பொய் சொன்னதில்லை. அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கிக் கழகம் ஒன்று உண்டு. அங்கே யாருடைய பழைய ராணுவத் துப்பாக்கிக்கு என்ன கோளாறு வந்தாலும் "ஆர்லோகிட்ட காட்டு" என்பார்கள். அவர் பார்த்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது.

ஜூன் மாதப் போட்டியில் ஜெயித்தவர் பெயரைக் கொட்டகைப் பலகையில் எழுதுவார்கள். ஒன்பது வருஷமாக அதில் ஆர்லோ பெயர்தான். பத்தாவது வருஷம், தபால் கொண்டுபோகும் மேவிஸ் க்வாலே ஜெயித்தாள். துப்பாக்கியைத் தொட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகாதவள்! மனுஷருக்கு வயிறு எரிந்தது. தபால் போட்டுவிட்டு அவள் சிரித்துக் கையசைத்தால் அன்றைக்குக் காபி இறங்காது.

"அவ ஜெயிச்சா உனக்கென்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் மனைவி டொரீன்.

"அன்னைக்குச் சரியான காத்து. அவளுக்கு அதிர்ஷ்டம்."

"காத்து அவளை மட்டும் விட்டுட்டு அடிச்சுதாக்கும்!"

இந்த வருஷம் போட்டியன்று காலையில் மேவிஸே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"கொஞ்சம் பாருங்களேன், ஆர்லோ. போகப் போகக் குண்டு கீழ இறங்குது. கோளாறு எனக்கா இதுக்கான்னு தெரியல."

கண்ணை வைத்துப் பார்க்கிற பின்பக்க வளையத்தைப் 'க்ளிக், க்ளிக்' என்று பத்துப் படி மேலே ஏற்றி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பழைய துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான். வளையம் வழுக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்தது. பக்கத்துத் திருகின் நட்டு தளர்ந்திருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் அதிர்ந்து அதிர்ந்து இறங்கத்தானே செய்யும்? நட்டை அரைச்சுற்று இறுக்கினால் தீர்ந்தது. திருப்புளி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

பலகையில் மேவிஸ் பெயர் கண்ணில் பட்டது. பாழாய்ப்போன பொறாமை, நாக்கை முந்திக்கொண்டது.

"வளையம் சரியாத்தான் இருக்கு."

"அப்போ கோளாறு எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஐந்து குண்டுகள் இலக்கின் நடுக்கறுப்பில் விழுந்தன. அப்புறம் இறங்க ஆரம்பித்தன. "என்ன மேவிஸ், மண்புழுவுக்கா குறி வைக்கிற?" என்று பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த ரோல்ஃப் கிண்டலடித்தான். அவனே, "வளையம் ஆடுதோ என்னமோ" என்றும் சொன்னான்.

"ஆர்லோ பாத்துட்டாரு" என்றாள் மேவிஸ். அதோடு யாரும் அந்தத் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆர்லோ ஜெயித்தார். போட்டி முடிந்து போட்ட சாப்பாட்டில், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பணியாரம் இரண்டு துண்டு தின்றார், வெட்கமில்லாமல்.

அதன்பின் மேவிஸ் கழகத்துப் பக்கமே வரவில்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி காரில் கொண்டுவந்து விட, கம்பளியில் சுற்றிய துப்பாக்கியோடு வாசலில் நின்றாள்.

"இதை நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் கண்ணு போயிடுச்சு."

"யார் சொன்னா?"

"டாக்டரு நல்லாத்தான் இருக்குங்கறாரு. அவருக்கென்ன தெரியும்? துப்பாக்கி சரின்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. வேற எதுல கோளாறு இருக்க முடியும்? பயந்துபோய் கார் ஓட்டுறதையே விட்டுட்டேன். ரோட்டுல பசங்க குறுக்க ஓடுதுங்க."

ஆர்லோ துப்பாக்கியை வாங்கவில்லை. உள்ளே டொரீன் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

"மேவிஸ்... அன்னைக்கே அது லூசாத்தான் இருந்துது. பாத்தேன். பாத்துட்டுத்தான் சொல்லாம விட்டேன். உன்மேல பொறாமை."

அவள் திட்டவில்லை. கம்பளியைப் பிரித்துத் துப்பாக்கியை நீட்டினாள்.

"இறுக்கு."

அரைச்சுற்று இறுக்கினார். அவள் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வளையம் அசையவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"வேலை வேண்டாம்னு நானேதான் எழுதிக் குடுத்தேன்" என்றாள் மேவிஸ். "என் தபால் ரூட்டை நேத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."