லீ என்றால் பேரிக்காய்

நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள். நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று வேப்பிலை அடித்தபோது, டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். தோளில் பல்லி விழுந்தால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட என் கண்முன்னால், பட்டப்பகலில், மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது இது. இன்றைக்கும் சொல்லத் தொடங்கினால் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ராஸ் அல் கைமாவில், திக்தாகா பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். விதை, உரம், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் என் பொறுப்பு. பண்ணை ஒரு வயதான அரபியுடையது. முதலாளியை அங்கே அர்பாப் என்போம். துபாயில் சீன உணவகங்கள் பெருகிவந்த நேரம், சீனக் கீரை வகைகள் போடுவதற்கு ஒரு பசுமைக்குடிலை ஒதுக்கி, அதற்கென்றே லின் என்ற சீனப் பெண்ணை வரவழைத்திருந்தார். நாற்பது வயது, ஓயாத வாய், அவளுக்குத் தெரிந்த இந்தியும் ஆங்கிலமும் அரபியும் சேர்ந்து ஒரே மொழியாகத்தான் வெளியே வரும். அவளுக்குக் கையாள் செல்வராஜ். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன்.

அந்த வருடம் குளிர்காலத்தில் அர்பாப் மயங்கி விழுந்தவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்தார். எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் அவருடைய அறையில், எண் போட்டுத் திறக்கும் இரும்புப் பெட்டிக்குள். அந்த எண் அவர் தலைக்குள் மட்டும். இந்த நேரம் பார்த்துத்தான் செல்வராஜின் அப்பா ஊரில் உழுத காட்டிலேயே சாய்ந்துவிட்டார், பேச்சில்லை, நினைவில்லை, முகத்தைப் பார்க்கவாவது வா என்று வீட்டிலிருந்து போன் மேல் போன். அர்பாபின் மகன் சயீத் நல்லவன்தான், ஆனால் அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் பெட்டியை அறுக்க மாட்டேன், அவர் கண் திறக்கட்டும் என்று சொல்லிவிட்டான். டியூட்டி முடிந்தால் செல்வராஜ் அந்த அறையின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி நிற்பான்.

மார்ச் முதல் வாரம், ஒரு காலை. லின் ஒரு பை நிறையப் பேரிக்காயோடு வந்தாள். இன்றைக்கு ஜிங்ஜெ, எல்லாரும் ஆளுக்கொன்று தின்ன வேண்டும் என்றாள். அவள் சொன்னதை ஒழுங்குபடுத்திச் சொன்னால் இப்படி: சீன விவசாயிகள் வருடத்தை இருபத்து நான்கு பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் மூன்றாவது ஜிங்ஜெ. குளிருக்கு மண்ணுக்குள் போய்த் தூங்கும் பூச்சிகளெல்லாம் முதல் இடியில் திடுக்கிட்டு விழிக்கும் நாள். வானத்தில் இடிக்கடவுள் மத்தளம் அடிப்பாராம். பிறகுதான் ஏர் பூட்டுவார்களாம். வாசலில் சுண்ணாம்பு தூவுவதும் உண்டு, எழுந்து வருவது வீட்டுக்குள் நுழையாமல் இருக்க. மீதி மறந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் தூங்கிவிட்டேன் என்று அவளே சிரித்தாள்.

ஸ்டோர் வாசலில் நின்றிருந்த நான், டியூட்டி நேரத்தில் பழம் தின்பதில்லை என்று மறுத்துவிட்டேன். செல்வராஜ் விடவில்லை. சட்டை நுனியைப் பேரிக்காய்மேல் போர்த்தி, காக்காக்கடியாகக் கடித்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினான். "எச்சி இல்ல அண்ணாச்சி, பயப்படாம தின்னுங்க." வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

லின் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நோ, நோ, பாய். ஒன் மேன் ஒன் பியர். ஷேரிங் மாஃபி. சைனா டாக், பியர், லீ. கோயிங், லீ. சேம் சேம். டூ மேன் ஈட்டிங், ஆஃப்டர் லீ. கலாஸ்."

பேரிக்காய்க்கும் பிரிவுக்கும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி, பங்கிட்டுத் தின்னக் கூடாது, தின்றால் பிரிந்துவிடுவார்கள், அவ்வளவுதான் என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. செல்வராஜின் காதில் விழுந்தது வேறு. மூன்று வருடமாக அவன் காது கேட்கக் காத்திருந்த ஒரே வார்த்தை.

"லீவா? அண்ணாச்சி, தின்னா லீவு கெடைக்கும்னா சொல்லுதாக?"

"லீவு இல்லப்பா, லீ."

"அட, வு-வ முழுங்கிட்டுப் பேசுதாக. சீனாக்காரங்கல்லா." மறுபடியும் சட்டை நுனியைப் போர்த்தி ஒரு கடி, எனக்கொரு துண்டு. "இன்னொரு வாய், எனக்காக." லின் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டேதான் மென்றேன்.

அப்போது இடித்தது.

நம்பினால் நம்புங்கள், வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. ஒரே ஒரு இடி, அதுவும் மேலேயிருந்து வரவில்லை, செருப்புக்கு அடியிலிருந்து வந்தது. தொட்டித் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது, குடிலின் பிளாஸ்டிக் படபடத்தது. அது அடங்குவதற்குள் மணல் கொதிக்கத் தொடங்கியது, வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கறுத்த வண்டுகள், எறும்புகள், பெயர் தெரியாத வெள்ளைப் புழுக்கள், எல்லாம் முண்டியடித்து மேலே வந்தன. பண்ணையில் வேலை பார்த்த பெங்காலிப் பையன்கள் குழாய்களின் மேல் ஏறி நின்று கத்தினார்கள். செல்வராஜ் குதித்துக் குதித்துச் சிரித்தான். எனக்கும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, திருவிழாக் கூட்டத்தில் நிற்பது போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மணலுக்குள் போய்விட்டன. வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் வேலை பார்த்த பாகிஸ்தான் பட்டாணியனிடம் ஓடிப்போய், இடி கேட்டதா என்றேன். "கோன்சா ஆவாஸ், பாய்?" எந்தச் சத்தம் என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

பிற்பகலில் சயீதின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. காலையில் அப்பா கண் திறந்துவிட்டாராம். தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம், பெட்டியின் எண்ணைச் சொல்லி, போக வேண்டியவனை உடனே அனுப்பு என்றாராம். யாரை என்று இவன் கேட்பதற்குள், "அவன் அப்பா காத்திருக்கிறார்" என்றாராம். செல்வராஜின் அப்பா விஷயம் வந்ததே அர்பாப் விழுந்த பிறகுதான், அவருக்கு யார் சொன்னது?

அறையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, சயீத் பையிலிருந்து மடித்த டிஷ்யூ பேப்பர் ஒன்றை எடுத்து என்னிடம் விரித்தான். நீ எல்லா உரமும் அறிந்தவன், இது என்ன மண் என்று கேட்டான். தினமும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த மனிதரின் நகக்கண்களிலிருந்து நர்ஸ் சுரண்டி எடுத்ததாம். ஈரம் காயாத கறுப்பு மண். எங்கள் ஸ்டோரில் அப்படி ஒன்று இல்லை. செல்வராஜ் ஒரு துளியை விரலில் எடுத்து எச்சில் தொட்டு உருட்டினான். பசை போல ஒட்டியது. அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணாச்சி, இது கரிசலு. எங்க காட்டு மண்ணு."

அன்று ராத்திரி விமானத்திலேயே அவனை ஏற்றிவிட்டோம். நான்கைந்து நாள் கழித்து ஊரிலிருந்து போன் செய்தான். மூச்சு வாங்கப் பேசினான்.

"நான் போயி நின்னதும் அய்யா முழிச்சிட்டாக அண்ணாச்சி. பேசுனாக. இத்தன நாளும் மண்ணுக்குள்ளதான் தூங்கிக் கெடந்தாகளாம், பக்கத்துல வெள்ளை அங்கி போட்ட பெரியவரு ஒருத்தரு கெடந்தாராம். இடிச்சதும் ரெண்டு பேரும் கையால தோண்டுனாகளாம். அவரு முந்தி ஏறிட்டாராம், ஒம் மகன அனுப்புதேன்னு சொல்லிட்டு. அன்னிக்கு சாயங்காலமே அய்யா போயிட்டாக. எம் மடியிலதான்."

"பாத்துட்டியேப்பா, அது போதும்," என்றேன். 

"மூணாவதா ஒரு ஆளும் அங்கன கெடந்தாராம் அண்ணாச்சி. எம்புட்டு உலுக்கியும் முழிக்கலயாம்."

"யாராம்? ஆள் எப்படி இருந்தாராம்?"

"தூக்கத்துலயும் வாயி மட்டும் எதையோ மென்னுக்கிட்டே கெடந்துச்சாம்." பின்னால் யாரோ பெண்கள் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒடம்பப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. போன் கார்டு முடியப்போவுது," என்று வைத்துவிட்டான்.

திரும்பி அவன் வேலைக்கு வரவில்லை. அந்த எண்ணுக்கு இன்றும் எப்போதாவது அடிக்கிறேன். எடுக்கிறான், யாரு என்று கேட்கிறான், என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறான்.