எண் சொன்னால்தான் பதில்

எங்கள் வீட்டில் கேள்விகளுக்கு எண் உண்டு. கத்தோலிக்க ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாகப் படித்து வளர்ந்த அப்பா, பூகோளம், சரித்திரம், கணக்கு, லத்தீன் இலக்கணம் எல்லாவற்றையும் அப்படியே ஆக்கிவிட்டிருந்தார். முத்து முத்தான கையெழுத்தில் பதினொரு நோட்டுகள். இடது ஓரத்தில் சிவப்பு மசியில் எண்கள், முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை தொடராக. ‘முன்னூற்றுப் பன்னிரண்டு’ என்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது என்று ஒப்பிப்பேன். கேள்வியை அவர் வாசிக்கவே மாட்டார்.

அப்பா பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மவுண்ட் ரோட்டில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தார். மதியத்துக்கு மேல் போனால் போதும். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியபோது அவருக்குள் என்னவோ உடைந்துவிட்டது. கோயிலே கைவிட்டதைப் பள்ளிக்கூடமா காப்பாற்றப் போகிறது என்று, இரண்டாவது படித்துக்கொண்டிருந்த என்னை நிறுத்திவிட்டார். நான் சந்தோஷத்தில் குதித்தேன். அந்தக் குதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வரும்.

எனக்குப் பதின்மூன்று முடிந்தது. நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா, “இன்னாம்மா, பொண்ணு இன்னும் இஸ்கூலுக்குப் போவாம வூட்லயே கீது?” என்று தினம் கேட்பாள். அம்மா சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றுவாள். ஒருநாள் மாற்ற முடியாமல் அழுதுவிட்டாள். அதற்கடுத்த வாரம், லஸ் மாதா கோயிலில் நவநாள் செபம் என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு, என்னை ஒரு கன்னியர் பள்ளிக்கு இழுத்துப் போனாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு இடம் இருந்தது. பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள். இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை.

வினாத்தாளில் பத்துக் கேள்விகள். முதல் எண்ணைப் பார்த்ததும் என் கை தானாக ‘சர்வேசுரன்’ என்று எழுதியது. எங்கள் வீட்டில் ஒன்றாம் கேள்வி ‘உன்னைப் படைத்தவர் யார்?’ அதற்கு அதுதான் பதில். எழுதிய பிறகுதான் கேள்வியைப் படித்தேன். கோதாவரி எங்கே உற்பத்தியாகிறது?

தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் எண் இல்லாமல் அதை எங்கே போய்த் தேடுவது? பூகோளம் இருநூற்று எண்பதில் ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். முன்னூறை எட்டும்போது பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாள். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி இருநூற்று எண்பது. மணி அடித்தபோது என் தாளில் கோடு போட்டு அடித்த ஒரு ‘சர்வேசுரன்’ மட்டும் இருந்தது.

தலைமையாசிரியை மதர் நல்லவர். தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அதே கேள்வியை வாயால் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தேன். மதர், அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி இருக்கிறது, விலாசம் தருகிறேன் என்றார்.

அம்மா ஐந்தாவதுகூட முடிக்காதவள். பள்ளிக்கூடம் என்றாலே தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அவள்தான் அன்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“முன்னூத்திப் பன்னெண்டு” என்றாள் என்னைப் பார்த்து.

நான் கடகடவென்று சொன்னேன். மதர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அம்மா அதற்கும் எண் சொன்னாள், நானும் சொன்னேன். பத்துக்கும் பத்து. ஆறு வருடமாக அடுப்படியில் இருந்தபடியே அவள் அத்தனையையும் கேட்டிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“பரீட்சை ஹால்ல நம்பர் சொல்ல நீங்க வர முடியாதேம்மா” என்றார் மதர். ஜூன் மாதம் இன்னொரு முறை அழைத்துவரச் சொன்னார். அதற்குமேல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பதினொரு நோட்டுகளையும் எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். தையல் கத்திரியால் ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்தையும் வெட்டினாள். அவள் மடியெல்லாம் சிவப்பு எண்கள். அப்பா என்ன சொல்வாரோ என்று நான் நடுங்கினேன். அவர் வந்தார், பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அம்மா எங்கே போனோம் என்பதையும் அங்கே நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “இப்பக் கேளுங்க அவளை. கேள்வியப் படிச்சுக் கேளுங்க.”

அப்பா ஒரு நோட்டைத் திறந்து, தன் கையெழுத்தையே புதிதாகப் பார்ப்பவரைப் போல மெதுவாக வாசித்தார். மாலிக் கபூர் யாருடைய படைத்தலைவன்? எனக்கு ஒன்றும் வரவில்லை. எண்ணைச் சொல்லலாம் என்று அவர் விரல் பக்கத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே வெட்டிய விளிம்புதான் இருந்தது. அப்பாவின் முகம் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அந்த எண் தெரியும். சொல்லம்மா, சொல்லம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசிவரை சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள்.